சந்துக்கு வந்த ரோடு

பன்னெண்டா, பன்னெண்டு ஏ-வா தம்பி? நல்லாப் பாத்துச் சொல்லுங்க. இது பன்னெண்டு. மாடி வாடகைக்குன்னு சொன்னாங்கன்னா அது ஏ. பின்வீடு. எல்லாரும் இப்படித்தான் இங்க வந்து நிப்பாங்க. முந்தியெல்லாம் பின்வீட்டைத் தேடிக்கிட்டு யாரு வந்தா? இப்ப தினம் ஒருத்தர் வர்றாங்க. வண்டிய அந்தப் பள்ளத்துகிட்ட நிறுத்தாதீங்க, சாஞ்சிடும். இப்படிப் படியோரமா வைங்க. ஏறி வந்து உக்காருங்க. முகமெல்லாம் புழுதி. எங்க தெருவுக்குள்ள கொஞ்ச தூரம் வந்தாலே இப்படித்தான். இருங்க, தண்ணி கொண்டாரேன்.

போகலாம், என்ன அவசரம். அவங்க மத்தியானம் தூங்கற ஆளுங்க இல்ல. வண்டியில சுத்திப் போகணும்னா பிள்ளையார் கோயில் வரைக்கும் போயித் திரும்பணும், வெயில் வேற. எந்த ஆபீஸ்? தபாலாபீஸா. மாத்தலாகி வந்திருக்கீங்க. வீட்டுல அவங்களும் குழந்தையும் பள்ளிக்கூடம் லீவு விட்டதும் வருவாங்களாக்கும். அப்ப நல்லா விசாரிச்சுத்தான் வீடு பிடிக்கணும். விசாரிக்கிறதுக்கு என்னைவிட ஆள் கிடைக்காது. அந்த வீட்டுக்காரி என் ஓரகத்தி. கொழுந்தனாரு பொண்டாட்டி. வனஜான்னு பேரு.

வயித்தெரிச்சல்ல பேசறேன்னு நினைச்சுக்காதீங்க. எனக்கு எதுக்கு வயித்தெரிச்சல்? முன்வீடு என்னோடது. என்னைக்கும் முன்வீடு முன்வீடுதான்.

இந்த மனை எங்க மாமனார் வாங்கினது. இந்தத் தெருவுல ஆரம்பிச்சு பின்னால சந்துல போயி முடியுது. பிள்ளைங்க ரெண்டு பேரு. நடுவுல குறுக்கால ஒரு சுவரு, சுவத்துல ஒரு கதவு, அப்படிப் பிரிச்சாரு. மூத்தவன் நீ, எந்தப் பக்கம் வேணும்னு எங்க வீட்டுக்காரரைத்தான் முதல்ல கேட்டாரு. இவரு என்ன சொன்னாருங்கறீங்க? "தம்பி எடுத்துக்கட்டும்பா, மிச்சத்த நான் எடுத்துக்கறேன்"னாரு. நல்ல வேளை நான் பக்கத்துல இருந்தேன். முன்பக்கம் எங்களுக்குன்னு நான்தான் சொன்னேன். மூத்தவங்க முன்னால இருக்கறதுதானே முறை. கொழுந்தனாரு சிவக்கொழுந்து சரின்னு தலையாட்டினாரு. வனஜா அப்பக் கல்யாணமாகி வந்த புதுசு, தலையக் குனிஞ்சுக்கிட்டு நின்னா.

அப்ப இந்தத் தெரு எப்படி இருந்துச்சு தெரியுமா? தார் ரோடு. மாயவரம் போற மினிபஸ் இந்த வழியாத்தான் போகும். நாங்க வீடு கட்டினப்ப நான் ஒண்ணே ஒண்ணுதான் கேட்டேன், வாசப்படி கருங்கல்லுல வேணும்னு. இப்ப நீங்க ஏறி வந்தீங்களே, அந்தப் படிதான். செங்கல்பட்டுப் பக்கத்துலேர்ந்து கல்லு வந்துச்சு. கொஞ்சம் தெருவுக்குள்ள போகுதுதான். அதனால யாருக்கு என்ன இடைஞ்சல்? சாக்கடை அது பாட்டுக்குப் படிக்கடியில போயிக்கிட்டிருந்துச்சு. சில நாள் அடைச்சுக்கும், அப்புறம் தானாப் போகும்.

சந்து எப்படி இருந்துச்சுன்னு கேளுங்க. மழை பேஞ்சா கணுக்கால் சேறு. வனஜா அவ ஸ்கூட்டியைக் கொண்டாந்து என் வாசல்லதான் நிறுத்துவா. செருப்பைக் கையில எடுத்துக்கிட்டு என் வீட்டுக்குள்ள பூந்துதான் அவ வீட்டுக்குப் போகணும். நான் ஒரு நாளும் முகம் சுளிச்சதில்ல. கால் கழுவிட்டு வான்னு மட்டும் சொல்வேன். அதுவும் சிரிச்சுக்கிட்டேதான் சொல்வேன். ஊர்க்காரங்க என்னை முன்வீட்டம்மாம்பாங்க. அவளைப் பின்வீட்டுப் பொண்ணும்பாங்க. ரெண்டு பிள்ளை பெத்த பிறகும் பின்வீட்டுப் பொண்ணுதான்.

அப்படி இருந்தவதான் தம்பி.

அவ மூத்த பொண்ணு தேன்மொழியைப் பொண்ணு பாக்க வந்தாங்க. ஐப்பசி மாசம். சந்துக்குள்ள கார் வரவே முடியாது. வனஜா வந்து, "அக்கா, உங்க வாசல் வழியா கூட்டிட்டு வந்துக்கட்டுமா"ன்னா. தாராளமான்னேன். வீட்டைத் துடைச்சுக் கோலம் போட்டதுகூட நான்தான். வந்தவங்க படியேறி உள்ள வந்தாங்க, இந்த சோபாவுலயே உக்காந்துட்டாங்க. மாப்பிள்ளையோட அம்மா சுத்திமுத்திப் பாத்துட்டு, "வீடு லட்சணமா இருக்கு"ன்னாங்க. பொண்ணு வீடு இதுன்னு நினைச்சுட்டாங்க போலிருக்கு. நான் உள்ளதைச் சொன்னேன். "இது எங்க வீடுங்க. பொண்ணு வீடு பின்னால இருக்கு. அந்தச் சந்து வழியா மனுசர் வர முடியாது, அதான் இப்படி வந்திருக்கீங்க"ன்னேன். "எப்பவுமே அப்படித்தானா"ன்னு கேட்டாங்க. "மழைக்காலம் பூரா அப்படித்தான்"னேன். இதுல என்ன தப்பு? நாளைக்குத் தெரிஞ்சா நம்மளத்தானே சொல்வாங்க.

பின்வீட்டுக்குப் போயி கேசரி சாப்பிட்டாங்க, பொண்ணைப் பாத்தாங்க. போயி தகவல் சொல்றோம்னாங்க. தகவல் வரல.

வனஜா சண்டைக்கெல்லாம் வரல. பாத்திரத்தைத் திருப்பிக் குடுக்க வந்தப்ப, "நம்ம வீடுன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமேக்கா"ன்னா. "பத்திரம் வேற வேறயாச்சேம்மா"ன்னேன். பாத்திரத்தை வெச்சுட்டுப் போயிட்டா.

அதுக்கப்புறம்தான் அவளுக்கு என்னமோ பிடிச்சுக்கிச்சு. நகராட்சிக்குப் போறா, கவுன்சிலர் வீட்டுக்குப் போறா, சந்துல உள்ள பொம்பளைங்களை எல்லாம் சேத்துக்கிட்டு போறா. ஓவர்சியர் வந்து பாத்துட்டு, ரோடு போடணும்னா முதல்ல சாக்கடை வேணும், சாக்கடைக்கு இடம் இல்ல, ஆளாளுக்குத் திண்டும் தொட்டியும் கட்டி வெச்சிருக்கீங்கன்னுட்டாராம். சரி, அதோட விட்டுதுன்னு நினைச்சேன். மறுநாள் பாத்தா டங்கு டங்குன்னு சத்தம். மொட்டை மாடியிலேர்ந்து எட்டிப் பாக்கறேன், தன் வீட்டுச் சந்துப்பக்கத்துச் சுவத்தைத் தானே இடிக்கிறா. கடப்பாரையைக் கையில வெச்சுக்கிட்டு நிக்கிறா தம்பி. அளந்தா அவ சுவரு சரியான இடத்துலதான் இருந்துச்சு, அது எனக்கே தெரியும். இருந்தாலும் ஒரு முழம் உள்ள தள்ளிக் கட்டினா. கூறு கெட்டவன்னு நினைச்சேன். அவ இடிச்சதைப் பாத்துட்டு பக்கத்து வீட்டுக்காரன் துணி துவைக்கிற கல்லை எடுத்தான். அதுக்கடுத்தவன் குளியல் ரூம் சுவத்தை எடுத்தான். இப்படியே ஒவ்வொருத்தனா.

ரோடு வந்துடுச்சு.

சிமெண்ட் ரோடு. ரெண்டு பக்கமும் மூடி போட்ட சாக்கடை. கம்பத்துக்குக் கம்பம் வெள்ளை விளக்கு. ஒரு ரோடு வந்தா என்ன ஆகும்னு நீங்க நினைக்கிறீங்க? வண்டி போகும், அவ்வளவுதானேன்னுதான் நானும் நினைச்சேன். அப்படி இல்ல தம்பி. முதல்ல பிள்ளைங்க சைக்கிள் விட ஆரம்பிச்சுதுங்க. அப்புறம் சாயங்காலமானா பொம்பளைங்க வாக்கிங். எங்கெங்கயோ உள்ளவங்க எல்லாம் வந்து அந்தச் சந்துல நடக்கறாங்க. ஒருத்தன் வீட்டுக்குப் பெயிண்ட் அடிச்சான், உடனே எல்லாரும் அடிச்சாங்க. ஒருத்தி வாசல்ல நந்தியாவட்டை வெச்சா, எல்லாரும் வெச்சாங்க. என் வாசலுக்கு வந்துக்கிட்டிருந்த காய்கறி வண்டிக்காரன் அங்க போயிட்டான். ஏண்டா வரலைன்னு கேட்டா, "இங்க தள்ளினா தக்காளியெல்லாம் நசுங்கிப் போவுதும்மா"ங்கறான். இத்தனை வருசமா நசுங்காத தக்காளி.

அந்த ரோட்டுலயே பந்தல் போட்டு தேன்மொழி கல்யாணத்தையும் முடிச்சா. வேற இடம், முதல்ல வந்ததைவிடப் பெரிய இடம். மாப்பிள்ளை கார் வாசல்லயே வந்து நின்னுச்சாம். நான் கொல்லைக் கதவு வழியாப் போயி உள்ளேயே இருந்துட்டு வந்துட்டேன். யாரும் என்னைப் பாத்து, இவங்கதான் முன்வீட்டம்மான்னு சொல்லல. பெரியம்மான்னாங்க. அவ்வளவுதான்.

என் மாடியில ஒரு வாத்தியார் குடும்பம் இருந்தாங்க. தங்கமான மனுசங்க. வனஜா மாடி எடுத்துக் கட்டினா, அங்க போயிட்டாங்க. அவங்களுக்கு மாத்தல் வந்துதான் இப்ப அது காலியா இருக்கு, நீங்க பாக்க வந்திருக்கீங்களே, அந்த மாடிதான். போகும்போது வாத்தியாரம்மா என் கையைப் பிடிச்சுக்கிட்டு, "குழந்தை விளையாட இடம் வேணும்ல அம்மா"ன்னாங்க. என் மாடியில இடம் இல்லையா? நீங்களே பாருங்களேன், அப்புறம் காட்டறேன்.

இதெல்லாம்கூடப் பொறுத்துக்கிட்டேன். ஓசூர்ல இருக்கற என் பையன் கேசவன், வீட்டை வித்துட்டு இங்கயே வந்துடுங்கம்மான்னு சொல்லிக்கிட்டிருந்தான். சும்மா விலை தெரிஞ்சுக்கலாம்னு ஒரு புரோக்கரை வரச் சொன்னேன். வந்தான். வீட்டைப் பாத்தான், நல்லாருக்குன்னான். வாசல்ல வந்து நின்னு தெருவை இப்படி அப்படிப் பாத்தான். அப்புறம் ஒரு விலை சொன்னான் பாருங்க, எனக்குக் காது அடைச்சுப் போச்சு. கிளம்பும்போது, "கொல்லைப்பக்கம் ஒரு வீடு இருக்கே, அது உங்க சொந்தக்காரங்களாமே, விக்கறதா இருந்தா சொல்லுங்க. கேக்கற விலைக்கு ஆள் இருக்கு"ன்னான்.

ஒரே மனை தம்பி. ஒரே மண்ணு. நான் பாத்து எடுத்துக்கிட்ட பாதிக்கு விலை இல்ல, எனக்கு வேண்டாம்னு தள்ளின பாதிக்கு ஆள் நிக்கிறான். அன்னைக்கு எனக்குச் சோறு இறங்கல. இதை வயித்தெரிச்சல்னு சொல்வீங்களா? நியாயம் கேக்கறேன், அவ்வளவுதான்.

எங்க தெருவுக்கும் ரோடு வந்துச்சே, வராம என்ன. மினிபஸ் போயிப் போயி, குழாய்க்குத் தோண்டித் தோண்டி தார் எல்லாம் பேந்து போச்சுன்னு நகராட்சியில எழுதி ஆர்டர் ஆயிடுச்சு. அதே ஓவர்சியர்தான் வந்தாரு. வந்தவரு நேரா என் வாசலுக்கு வந்து, படியில சிவப்புக் கோடு போட்டுட்டாரு. இதை எடுக்கணும்மா, சாக்கடை நேரா வரணும், உங்க படிக்கடியில வழி இல்லைங்கறாரு. எத்தனை வீடு இருக்கு இந்தத் தெருவுல. என் படிதான் கண்ணுக்குத் தெரிஞ்சுதா? மத்தவங்களுக்கும் கோடு போட்டாருதான். அவங்க எல்லாம் இடிச்சுட்டாங்க. அது அவங்க இஷ்டம். அவங்களோடது செங்கல், என்னோடது கருங்கல்லு.

இது வனஜா வேலைன்னு எனக்கு அப்பவே தெரிஞ்சு போச்சு. ஏன்னா அன்னைக்குச் சாயங்காலமே வந்தா. "அக்கா, படியைப் பக்கவாட்டுல திருப்பிக் கட்டிக்கலாம், அதே கல்லை வெச்சே கட்டலாம். எங்க மேஸ்திரியை அனுப்பறேன், ஒரு சேதாரமும் வராது"ன்னா. எப்படி இருக்கு பாருங்க. எனக்குப் படி கட்ட அவ மேஸ்திரியை அனுப்பறாளாம். "உன் ரோடு உன்னோட, என் படி என்னோட, போம்மா"ன்னேன்.

இடிக்கிற மெஷின் வந்த அன்னைக்கு நான் படியில உக்காந்துட்டேன். என் அண்ணன் மகன் வக்கீலு, அவனை விட்டு கோர்ட்டுல தடையும் வாங்கினேன். காண்ட்ராக்டர் கொஞ்ச நாள் ஜல்லியக் கொட்டி வெச்சுக்கிட்டுக் காத்திருந்தான். அப்புறம் அள்ளிக்கிட்டுப் போயிட்டான். அந்த ரோடு வேற எதோ நகருக்குப் போயிடுச்சாம். அதுக்குத் தெருவே என்மேல கோவமா இருக்கு. என் படியை விட்டுட்டு மிச்சத்துக்குப் போட்டுட்டுப் போறதுதானே? அதைக் கேக்க ஒருத்தருக்கும் வாயில்ல. எதிர்வீட்டு ஜெயசீலி டீச்சர், மக கூடப் போயிடலாம்னு வீட்டை விலைக்குப் போட்டிருந்தாங்க. பாத்துட்டுப் போறவங்க யாரும் திரும்பி வரலையாம். என்னைப் பாத்தா ஜன்னலைச் சாத்தறாங்க. ஜன்னலைச் சாத்தினா வீடு வித்துடுமா?

எங்க வீட்டுக்காரரா? வைத்திலிங்கம்னு பேரு. பேச மாட்டாரு. தடை வாங்கினேன்னு சொன்னதும், "அப்படியா"ன்னாரு. அவ்வளவுதான் பேச்சு. ஆனா சாயங்காலமானா கொல்லைக் கதவைத் திறந்துக்கிட்டுத் தம்பி வீட்டுக்குப் போயிடுவாரு. அங்க வாசல்ல ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உக்காந்துக்கிட்டு, போறவங்க வர்றவங்களை எல்லாம் பாத்துக்கிட்டு இருப்பாரு. அப்படி என்னங்க இருக்கு அந்த ரோட்டுலன்னு கேட்டேன். "ஒண்ணும் இல்ல விசாலம். மனுசங்க நடக்கறாங்க"ன்னாரு.

எனக்குக் கோவம் வராதா? வாசல்ல என் படி இருக்கு, என் பக்கத்துல உக்காரக் கூடாதா? ஒரு நாள் கொல்லைக் கதவைப் பூட்டிட்டேன். சாவியை இடுப்புல சொருகிக்கிட்டேன். அவரு வந்து பூட்டைப் பாத்தாரு. என்னைப் பாத்தாரு. சட்டையை மாட்டிக்கிட்டு வாசப்பக்கமா இறங்கினாரு. காலையில பேஞ்ச மழை, பள்ளமெல்லாம் தண்ணி, ஆழம் தெரியல. அன்னைக்குப் பாத்து அந்தப் பக்கம் போகணுமா. கடைசிப் படியிலேர்ந்து காலை வெச்சவரு அப்படியே உள்ள போயிட்டாரு. தொடை எலும்பு.

ஆம்புலன்ஸ் தெருமுனை வரைக்கும் வந்து நின்னுடுச்சு. உள்ள வராதாம். நான் கத்தறேன், யாரும் வரல. ஜெயசீலி டீச்சர்தான் முதல்ல ஓடியாந்தாங்க, அதைச் சொல்லணும். அப்புறம் சிவக்கொழுந்து வந்து, "அண்ணி, கொல்லைக் கதவைத் திறங்க"ன்னாரு. இடுப்புலேர்ந்து சாவியை உருவி அவருகிட்ட குடுத்தேன். அவரைத் தூக்கிக்கிட்டு என் கூடம், என் சமையக்கட்டு, கொல்லை, அவங்க கூடம் எல்லாம் தாண்டிப் போறாங்க. ஆம்புலன்ஸ் சுத்திக்கிட்டு வந்து வனஜா வீட்டு வாசல்லயே நின்னுச்சு. தண்ணி நிறைஞ்ச சொம்பை வெச்சுக்கிட்டுப் போனாக்கூடச் சிந்தாது, அந்த மாதிரிப் போச்சாம். வனஜாதான் சொன்னா. அவதான் கூடப் போனா. நான் போகல. துணிமணி எடுக்க வேண்டியிருந்துச்சு. எடுத்துக்கிட்டு, இந்தப் பக்கமா இறங்கி, சேத்துல நடந்து தெருமுனையில ஆட்டோ பிடிச்சுப் போனேன்.

தஞ்சாவூர்ல ஆபரேசன் பண்ணினாங்க. நல்லாச் செஞ்சாங்க. டாக்டர் சொன்னாரு, இனிமே தினம் நடக்கணும், மேடு பள்ளம் இல்லாத இடமா நடக்கணும், படி கூடவே கூடாதுன்னு. சிவக்கொழுந்து என்னைக் கேட்டாரு, "அண்ணி, கொஞ்ச நாள் அங்க இருக்கட்டுமா"ன்னு. வேண்டாம்னு எப்படிச் சொல்றது? கீழ்ரூமைக் காலி பண்ணி, கட்டில் போட்டு, கக்கூஸ்ல கைப்பிடி வெச்சு எல்லாம் தயாரா வெச்சிருக்கா வனஜா. கொஞ்ச நாள்னாங்க. பொங்கல் போச்சு. மாசி போயிடுச்சு. இப்பப் பங்குனி.

சாப்பாடு நான்தான் அனுப்பறேன். மூணு வேளையும் கொல்லைக் கதவுகிட்ட கொண்டுபோயி வெச்சுட்டு வந்துடுவேன். அவ பாத்திரத்தை வெறுமனே திருப்பி அனுப்ப மாட்டா. ரெண்டு வடை, ஒரு கிண்ணம் பாயசம்னு எதையாவது வெச்சுத்தான் அனுப்புவா. அதுவும் ஒரு கர்வம்தான் தம்பி. போன வாரம் அவரை நேராவே கேட்டேன், எப்ப வர்றீங்கன்னு. "அங்க வந்தா நான் எங்க நடப்பேன் விசாலம்"னாரு. இது அவரு பேச்சே இல்ல. சொல்லிக் குடுத்தது.

சரி, எழுந்திருங்க. என் மாடியைப் பாத்துட்டுப் போயிடுங்க. பாக்கறதுக்குக் காசா பணமா. வாடகையும் அவளைவிடக் குறைச்சுத்தான் கேப்பேன். பாத்து வாங்க, அந்த ஸ்விட்சு வேலை செய்யாது. இது ஹாலு. இது சமையக்கட்டு. தண்ணி இருபத்திநாலு மணி நேரமும் வரும். இந்த ரூமுதான் காத்து. ஜன்னலைத் திறக்கறேன். வாத்தியாரு போனதுலேர்ந்து திறக்கல, இறுகிக்கிச்சு.

ம். அவ மாடியைத் தாண்டி அந்த ஓரமாத் தெரியுதா? அதுதான் அந்த ரோடு.

அந்தா, நீலச் சட்டை போட்டுக்கிட்டு வர்றாரே, அவருதான். வெயில் தாழறதுக்கு முன்னாடியே வந்துட்டாரு பாருங்க. டாக்டர் சாயங்காலம்தானே நடக்கச் சொன்னாரு. தனியாத்தான் நடக்கறாரு.

கையில ஊனற கம்பு இருக்கா தம்பி? எனக்கு இவ்வளவு தூரம் சரியாத் தெரியல. நல்லாப் பாருங்க. ரெண்டு கையும் பாருங்க.

இல்லையா.

எங்கிட்ட சொல்லலையே. நேத்து ராத்திரிகூட ரசம் நல்லாருந்துச்சுன்னு சொல்லி அனுப்பினாரு. இதைச் சொல்லலையே. என்னைக்குக் கம்பை விட்டாருன்னு தெரியலையே. கொஞ்சம்கூடத் தாங்கித் தாங்கி நடக்கல பாருங்க. கல்யாணமான புதுசுல இப்படித்தான் நடப்பாரு, கையை வீசிக்கிட்டு.

நீங்க போங்க. வண்டி இங்கயே இருக்கட்டும், அப்புறம் வந்து எடுத்துக்கலாம். கொல்லைக் கதவு திறந்துதான் இருக்கு, அப்படியே அவங்க வீட்டுக்குள்ள போயி வாசல்ல இறங்குங்க. வனஜா ஒண்ணும் நினைச்சுக்க மாட்டா. வீடு பிடிச்சிருந்தா எடுத்துக்குங்க, நான் ஏன் குறுக்க நிக்கிறேன். குழந்தை வேற இருக்கு.

ஒண்ணு மட்டும் செய்யிங்க. அந்த ரோட்டுல கொஞ்ச தூரம் நடந்து பாத்துட்டு வந்து, எப்படி இருக்குன்னு எனக்குச் சொல்லுங்க. போட்ட நாள்லேர்ந்து நான் அதுல கால் வெச்சதில்ல.